சூயஸ், பனாமா: கப்பலில் வேலை பார்க்கிறவன் கணக்கில் எத்தனை மார்க்?

உலகம் சுற்றுகிற சரக்குக் கப்பல் எதிலாவது ஏறினால் இரண்டு இடங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, ஆட்கள் தங்குகிற தளத்தில் ‘சூயஸ் க்ரூ’ என்று கதவில் பெயர் போட்ட அறை. மற்றது, கப்பலின் முன்பகுதியான அணியத்தின் நட்டநடுவில் கயிறு நுழைவதற்கென்றே வார்த்துப் பற்றவைத்த தடித்த எஃகு வளையம். அதன் பெயர் ‘பனாமா சாக்’. கப்பல் கட்டும் போதே இரண்டு கால்வாய்க்காரர்களும் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். ஒருவர் கேட்டது படுக்க இடம், மற்றவர் கேட்டது கயிறு மாட்ட இடம். இரண்டு கால்வாய்களின் குணமும் அதற்குள் அடக்கம்.

கால்வாய்க்குக் காசு கட்டுகிறவர் கப்பல் முதலாளி. அவர் பார்வையில் எழுதிய மதிப்பீடுகள் ஏராளம்: எத்தனை நாள் மிச்சம், எத்தனை டன் எண்ணெய் மிச்சம். இது தளத்திலும் எஞ்சின் அறையிலும் அடுப்படியிலும் நிற்கிறவனுக்கான மதிப்பீடு. தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, உவரி, இடிந்தகரை என்று நம் கரையோரத்தில் ‘கப்பலுக்குப் போகிற’ பையன்கள் முதல் தடவை கால்வாய் தாண்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதில் இருக்கிறது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சூயஸில் வேலை செய்வது கப்பல். பனாமாவில் வேலை செய்வது கால்வாய்.

சூயஸிலிருந்து ஆரம்பிக்கலாம். 1869 நவம்பர் 17-இல் திறந்த கால்வாய் இது. நீளம் 193 கிலோமீட்டர். மதகு (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் அறை) கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது. மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் மணலை வெட்டி நேராக இணைத்த வாய்க்கால், அவ்வளவுதான். தண்ணீருக்குள் 66 அடி வரை ஆழ்ந்த கப்பல் போகலாம். தண்ணீருக்கு மேலே 68 மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். குறுக்கே பாலமும் மின்கம்பிகளும் போகின்றன. இவ்வளவு எளிய வாய்க்காலுக்கு எதற்கு இத்தனை ஆயத்தம் என்று புதிதாக வருகிறவன் கேட்பான். ஆயத்தம்தான் சூயஸ்.

முதலில் சர்ச்லைட். கப்பலின் முன்நுனியில் ஒரு பெரிய விளக்கு இருந்தே ஆக வேண்டும். 1800 மீட்டர் முன்னால் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் அடிக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒளிக்கற்றை ஒன்றாகப் போகாது, இடது வலது என்று 5 டிகிரி வீதம் இரண்டாகப் பிரிந்து நடுவில் இருட்டு விட்டுப் போகும். இரண்டு கரையும் தெரியும், எதிரே வருகிறவன் கண்ணும் கூசாது. நம் ஊர் நாற்கரச் சாலையில் ஹைபீம் போட்டு வருகிற லாரிக்காரர்களுக்கு இந்த விளக்கை ஒரு மாதம் வாடகைக்கு விடலாம். விளக்குக்குள் பல்பு இரண்டு: ஒன்று எரிய, மற்றது அது போனால் மாற்ற. கப்பலில் சொந்த விளக்கு இல்லையென்றால் கால்வாயில் வாடகைக்குக் கிடைக்கும். சொந்த விளக்கு இருந்தாலும் கால்வாய் எலெக்ட்ரீஷியன் ஏறத்தான் செய்வார். தவறு நடப்பது பெரும்பாலும் விளக்கில் இல்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கிற சாக்கெட்டில். அணியத்தில் உப்புக்காற்று தின்று பச்சை பூத்துக் கிடக்கும் சாக்கெட்டை, நங்கூரம் போட்ட அன்றைக்கே திறந்து பார்த்துச் சுத்தம் செய்து, அரைமணி நேரமாவது எரியவிட்டுப் பார்ப்பது கப்பல் எலெக்ட்ரீஷியனின் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்கிறவர் முன்னால் விளக்கு எரியவில்லை என்றால், கான்வாயில், அதாவது வரிசையாகச் சேர்ந்து போகிற கப்பல் கூட்டத்தில், உள்ள இடம் போய்விடும்.

அடுத்தது மூரிங் படகு. நடுவழியில் மணற்காற்றோ மூடுபனியோ வந்து கப்பலைக் கரையில் கட்ட நேர்ந்தால், கயிற்றைக் கரைக் கட்டைக்குக் கொண்டுபோக ஆளும் படகும் வேண்டும் அல்லவா? அதற்காக இரண்டு படகுகளையும் படகுக்காரர்களையும் கப்பலே சுமந்துகொண்டு போக வேண்டும். படகை நம் கிரேனால் தூக்கித் தளத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டும். 3, 4 டன் தாங்குகிற கிரேன், சான்றிதழ் உள்ள ஸ்லிங், அசையாமல் பிடிக்க இரண்டு பக்கமும் இழுகயிறு, கூடவே அவசரப்படாத ஆள். படகு ஆடி ஆடிக் கப்பல் பக்கத்தில் மோதுவதும், படகுக்காரர் கீழிருந்து ஒன்று சொல்ல, கிரேன் கைப்பிடியில் இருப்பவன் வேறொன்று புரிந்துகொள்வதும்தான் இங்கே வழக்கமாக நடக்கிற கோளாறு. தளத்து ஆட்களின் தலைவரான போசன் ஒருவர் மட்டுமே சைகை காட்ட வேண்டும். கீழே இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் கிரேன்காரன் கண் போசன் கையை விட்டு நகரக் கூடாது.

இத்தனைக்கும் பெரும்பாலான பயணங்களில் அந்தப் படகு தண்ணீரைத் தொடுவதே இல்லை. ஏற்றி, கட்டி, மறுமுனையில் இறக்கிவிடுவதோடு சரி. ஏற்ற ஒரு மணி நேரம், இறக்க ஒரு மணி நேரம், இரண்டும் ஆள் தூங்க வேண்டிய நேரத்தில். சூயஸுக்கு நாங்கள் மார்க் குறைப்பதற்கு முதல் காரணம் இதுதான். ‘சூயஸ் க்ரூ’ அறையில் படுப்பது இந்தப் படகுக்காரர்களும் எலெக்ட்ரீஷியனும்தான்.

மூரிங் கயிறு குறைந்தது ஆறு, மிதக்கிற வகை, கண்ணி பின்னி, முன்னும் பின்னும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இரண்டு நங்கூரமும் கட்டவிழ்த்து, உடனே போடுகிற நிலையில் நிற்க வேண்டும். நங்கூரத்துக்கு அருகே ஆள் இல்லாமல் கால்வாய்க்குள் ஒரு கிலோமீட்டர்கூடப் போக முடியாது. கப்பலுக்கு வழிகாட்ட ஏறுகிற பைலட்டின் ஏணியைப் பொறுத்தவரை, தண்ணீரிலிருந்து ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேல் போனால் கயிற்றேணியோடு கப்பலின் சாய்வுப் படிக்கட்டான கேங்வேயையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இது உலகம் முழுக்க உள்ள விதி. சூயஸில் இதன் பாரம் அதிகம், ஏனென்றால் பைலட் ஒருவர் அல்ல. துறைமுகத்துக்கு ஒருவர், போர்ட் சயீதிலிருந்து இஸ்மாயிலியா வரை ஒருவர், அங்கிருந்து சூயஸ் வரை ஒருவர், வெளியேற ஒருவர் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏணி இறங்கி ஏறும், ஏணியடியில் ஓர் ஆளும் ஓர் அதிகாரியும் நிற்க வேண்டும்.

கான்வாய் அதிகாலையில் கிளம்பும். வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று. மூன்றரை, நான்கு மணிவாக்கில் முதல் கப்பல் நுழையும். குறித்த நேரத்துக்குள் நங்கூரத் துறைக்கு வந்து பெயர் கொடுக்காதவன் கூடுதல் காசு கட்ட வேண்டும், இல்லை அடுத்த நாள் வர வேண்டும். முன்பெல்லாம் ஒரு பக்கக் கப்பல்கள் ஒதுங்கி நின்று எதிர்ப்பக்கத்துக்கு வழி விட்டாக வேண்டும். 2015 ஆகஸ்ட் 6-இல் 35 கிலோமீட்டர் புதுத் தடம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு பெருமளவு போய்விட்டது. இப்போது 11 முதல் 16 மணி நேரத்தில் மறுகடலைப் பார்த்துவிடலாம். இந்த ஒரு திருத்தத்துக்காக அரை மார்க் கூடக் கொடுக்கிறோம்.

சுக்கானிக்கு இது நீண்ட நாள். கையால்தான் திருப்ப வேண்டும், ஆட்டோ கிடையாது. வேகம் எட்டு நாட் அளவில். இதில் சூட்சுமம் கரையின் இழுப்பு. கப்பல் ஒரு கரைக்குக் கொஞ்சம் அதிகமாக நெருங்கினால், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள குறுகிய சந்தில் தண்ணீர் வேகமாக ஓடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த பக்கம் பின்பாகம் உறிஞ்சப்படும், முன்பாகம் எதிர்க்கரையைப் பார்த்துத் திரும்பும். அனுபவமில்லாத கை உடனே பெரிதாகத் திருப்பும். கப்பல் அங்கே போய், அந்தக் கரையின் இழுப்பில் மாட்டி, மறுபடி இந்தப் பக்கம் வரும். ஊஞ்சல் மாதிரி ஒவ்வொரு தடவையும் வீச்சு பெரிதாகும். சரியான வழி, முனை அசையத் தொடங்குவதைக் கண்ட கணமே ஐந்து டிகிரி, அசைவு நின்றதும் நடுவுக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றுவது சோம்பலுக்காக அல்ல. கண் சோர்ந்தால் அந்த முதல் அசைவு தெரியாது.

இது தவறினால் என்ன ஆகும் என்பதை 2021 மார்ச் 23-ஆம் தேதி உலகமே பார்த்தது. 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ பலத்த காற்றும் மணற்புழுதியும் அடித்த காலையில், 151-ஆவது கிலோமீட்டரில் குறுக்கே சிக்கியது. ஆறு நாள் அடைப்பு, இரண்டு பக்கமும் 400-க்கு மேல் கப்பல்கள். கொள்கலன் அடுக்கிய கப்பலின் பக்கம் ஒரு பெரிய பாய்மரத்துக்குச் சமம் என்பதைத் தோணி ஓட்டுகிற தூத்துக்குடித் தண்டல்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பல் மிதந்த பிறகும் ஜூலை 7 வரை கால்வாய் வழியிலேயே உள்ள கசப்பு ஏரியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் இருந்த 25 பேரும் இந்தியர்கள். கம்சின் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் தென்காற்று பங்குனி, சித்திரையில் எழும்பும். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஏசி வடிகட்டித் துணியும், கதவு இடுக்கில் ஒட்ட டேப்பும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணல் சாப்பாட்டுத் தட்டு வரை வரும்.

எஞ்சின் அறைக்காரர்களுக்கும் பாரம்தான். கால்வாய் முழுக்க ஆள் நின்றாக வேண்டும். ஆழமில்லாத இடத்தில் அடிமட்டத்திலிருந்து கடல்நீர் எடுத்தால் சேறும் மணலும் வரும், ஆகவே மேல்வழி உறிஞ்சலுக்கு மாற்ற வேண்டும். வடிகட்டியை முதல் நாளே கழுவி, மாற்று வடிகட்டியையும் ஆயத்தமாக வைக்க வேண்டும். நன்னீர் தயாரிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் வெப்பம் போதாது, கரையோர நீரும் சுத்தமில்லை. ஆகவே துணி துவைப்பதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

அடுப்படிக்கு ஒரு குறிப்பு. கூடுதலாக எட்டுப் பத்துப் பேர் சாப்பிடுவார்கள், வெவ்வேறு நேரத்தில். அன்றைக்குப் பன்றி இறைச்சி அடுப்பில் ஏறவே கூடாது. சட்டி மாற்றிச் சமைத்தேன் என்ற விளக்கமும் எடுபடாது. ரம்ஜான் மாதமென்றால் பகலில் யாரையும் சாப்பிட அழைக்காமல், மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பழமும் சூப்பும் ஆயத்தமாக வைப்பது மரியாதை. திருநெல்வேலிச் சொதி இந்த நாளுக்கென்றே அமைந்த பதார்த்தம் என்பது எங்கள் கட்சி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி. எந்த மதத்துக்காரரும் கேள்வி கேட்காமல் ரொட்டியோடு தொட்டுக்கொள்வார். எலுமிச்சையை மட்டும் இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதிக்கையில் விட்டால் பால் திரிந்துவிடும்.

அன்பளிப்பு விஷயத்தை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. சிகரெட் கேட்கிற பழக்கத்தால் ஒரு சிகரெட்டின் பெயரையே இந்தக் கால்வாய்க்குப் பட்டப்பெயராகக் கப்பல்காரர்கள் வைத்தார்கள். இப்போது பல கப்பல் கம்பெனிகள் ‘எதுவும் கொடுப்பதில்லை’ என்று எழுதியே ஒட்டிவிடுகின்றன, முன்பைவிடக் குறைந்தும் இருக்கிறது. கடைநிலை மாலுமி செய்ய வேண்டியது ஒன்றுதான்: தன் கையால் யாருக்கும் எதுவும் கொடுக்காமல், “கேப்டனைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு நகர்வது. ஒருவருக்குக் கொடுத்தால் படகுக்காரர் முதல் எல்லோரும் உங்கள் அறை எண்ணைத் தெரிந்துகொள்வார்கள். உள்ளே போக ஒரு கதவு தவிர மற்றவற்றைப் பூட்டி வைப்பதும் வழக்கம்.

படகுக்காரர்கள் தளத்தில் விரிக்கிற கடைக்கு வருவோம். தோல் ஒட்டகம், பிரமிட் பொம்மை, சிம் கார்டு, பாப்பிரஸ் தாளில் வரைந்த படம். சொன்ன விலையில் மூன்றில் ஒன்றிலிருந்து பேரம் தொடங்குங்கள், மறுகரை நெருங்க நெருங்க விலை இறங்கும். பாப்பிரஸ் மட்டும் சோதித்து வாங்க வேண்டும். நிஜமானது சுருட்டினாலும் வெடிக்காது, வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக நார் ஓடுவது தெரியும். மடித்ததும் முறிந்தால் அது வாழைச் சருகில் செய்த போலி. ஏரல், ஸ்ரீவைகுண்டத்துக்காரன் எகிப்துக்குப் போய் வாழைச் சருகைக் காசு கொடுத்து வாங்கி வந்தால், வீட்டில் என்ன சொல்வார்கள்?

பார்ப்பதற்கு என்று கேட்டால், சூயஸுக்கு நல்ல மார்க்தான். தெற்கே போகையில் வலப்பக்கம் இஸ்மாயிலியாவின் மரங்களும் வயல்களும், இடப்பக்கம் சினாய் மணல். நம் குதிரைமொழித் தேரியின் செம்மணல் நிறத்தை உருவிவிட்ட மாதிரி வெளிறிக் கிடக்கும். கசப்பு ஏரியில் நுழைகையில் வயதான மாலுமிகள் சொல்கிற கதை ஒன்று உண்டு, நடந்த கதை. 1967 போரில் கால்வாய் மூடியதும் 14 கப்பல்கள் இந்த ஏரியில் மாட்டிக்கொண்டன, 15-ஆவது திம்சா ஏரியில். திறந்தது 1975-இல். மணல் படிந்து மஞ்சளாகிப் போனதால் ‘மஞ்சள் கப்பல் கூட்டம்’ என்று பெயர். வெவ்வேறு கொடி, வெவ்வேறு மொழி. ஆனால் சேர்ந்து சங்கம் வைத்து, சொந்தமாகத் தபால்தலை வரைந்து, 1968-இல் தங்களுக்குள் ஒலிம்பிக் நடத்தினார்கள். கடைசியில் இரண்டு ஜெர்மன் கப்பல்கள்தான் தம் எஞ்சினிலேயே ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தன. கால்வாய் வெட்டும் முன் இந்த ஏரி காய்ந்து உப்புப் பாளமாகக் கிடந்த பள்ளம். தூத்துக்குடி உப்பளத்தில் வளர்ந்தவனுக்குத் தண்ணீருக்கு அடியில் உப்பு மண்டியிருந்த இடம் என்பதே தனி ஈர்ப்பு.

இனி, அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் சேர்க்கிற பனாமா. அங்கே போய் முதல் மதகைப் பார்க்கிற நெல்லைக்காரனுக்குத் தேரோட்டம்தான் ஞாபகம் வரும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் வருகையில் வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர். ஆனால் தேரை வீட்டுச் சுவரில் இடிக்காமல் காப்பாற்றுவது சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுகிற சிலர். பனாமாவின் பழைய மதகுகளில் இரு கரையிலும் தண்டவாளத்தில் ஓடுகிற ‘மியூல்’ எஞ்சின்களும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. அவை இழுக்கின்றன என்று பலரும் நினைப்பது தவறு. கப்பல் தன் எஞ்சினால்தான் நகர்கிறது. கம்பிவடம் மாட்டி நடுவில் நிறுத்துவதும், தேவைப்பட்டால் பின்னுக்குப் பிடிப்பதும் மியூல். மதகறையின் அகலம் 33.53 மீட்டர், போகக்கூடிய கப்பலின் அகலம் 32.31 மீட்டர். பக்கத்துக்கு 61 சென்டிமீட்டர்தான் இடைவெளி. கான்கிரீட் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கப்பலின் பக்கத்தில் சாயம் உரிந்து நீளக் கோடு விழுந்தால் யாரும் திட்டமாட்டார்கள்.

அந்தக் கம்பிவடங்களுக்காகத்தான் பனாமா சாக். ஒற்றைச் சாக் ஏறத்தாழ 45 டன் இழுவை தாங்க வேண்டும் என்பது விதி. விரிசலோ, உள்வளைவில் கம்பி அறுத்த பள்ளமோ இருந்தால் ஏற்கமாட்டார்கள். துருவைத் தட்டிச் சாயம் பூசி மறைத்தாலும் அவர்களுடைய ஆள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். உங்கள் வேலை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. கயிறு வேலைக்குக் கால்வாயின் ஆட்களே ஏறிவிடுவார்கள். மதகு வாயில் இரண்டு பேர் துடுப்புப் படகில் வந்து தூதுக் கயிறு கொடுப்பது பனாமாவின் அடையாளக் காட்சி. உலகத்தின் மிகப் பெரிய இயந்திரங்களில் ஒன்றுக்கு முதல் கயிறு, நம் வள்ளக்காரர் மாதிரி துடுப்புப் போடுகிற ஆள் கையால்தான் போகும். வின்ச் பிடிக்க நம்மாள் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் போதும். கம்பி விறைக்கும் நேர்கோட்டில் மட்டும் நிற்காதீர்கள். அறுந்தால் அது வந்த வழியே திரும்பும், கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடைக்காது. “கம்பி பேசுச்சுன்னா ஓடிருல” என்பார்கள் நம்மூர் போசன்கள். விறைத்த கம்பி முறுகுகிற சத்தத்தைத்தான் ‘பேசுவது’ என்கிறார்கள்.

பைலட் விஷயத்திலும் இரண்டு கால்வாய்க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சூயஸில் பைலட் ஆலோசகர்தான், கப்பல் தட்டினால் பொறுப்பு கேப்டன் தலையில். பனாமாவில் பைலட் ஏறிய கணத்திலிருந்து கப்பலை நடத்துவது அவர். கப்பலை நடத்துகிற மேல்தள அறையில் நிற்கிற சுக்கானிக்கு இதனால் குழப்பம் குறைவு. கட்டளை ஒரு வாயிலிருந்து மட்டும் வரும்.

மதகில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்காமல் கேபினில் தூங்குகிறவனை என்னவென்று சொல்வது! பம்பு ஒன்றுகூட இல்லை. மேலே உள்ள ஏரியிலிருந்து சுவருக்குள் புதைத்த குழாய் வழியாகத் தண்ணீர் தானாக இறங்கி, சுமார் எட்டு நிமிடத்தில் அறை நிறைந்து, முழுக் கப்பலையும் தூக்கும். அட்லாண்டிக் பக்கத்துக் கட்டூன் மதகில் மூன்று படி ஏறி கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே போய்விடுவோம். மறுபக்கம் பெத்ரோ மிகேலில் ஒரு படி, மிராஃப்ளோரஸில் இரண்டு படி இறக்கம். இரண்டு மீட்டருக்கு மேல் தடித்த எஃகுக் கதவுகள், 1914 ஆகஸ்ட் 15-இல் திறந்த நாளிலிருந்து அதே வேலையைச் செய்கின்றன. 2016 ஜூன் 26-இல் திறந்த புது மதகுகளில் மியூல் கிடையாது, முன்னும் பின்னும் இழுவைக் கப்பல்தான். 366 மீட்டர் நீளக் கப்பலும் போகும். வசதிதான், ஆனால் மியூல் மணியடித்து ஓடுகிற அழகு அங்கே இல்லை. இது ரசனை சார்ந்த புகார், மார்க்கில் சேர்க்கவில்லை.

கட்டூன் ஏரி நன்னீர் ஏரி. இதில் இரண்டு விஷயம். நன்னீரில் கப்பல் கூடுதலாக ஆழும். 12 மீட்டர் மூழ்கும் கப்பல் ஏறத்தாழ ஓர் அடி கூட மூழ்கும். அங்கே கணக்கு போடும் அடர்த்தி 0.9954. பழைய மதகுக்கு உச்ச ஆழம் 12.04 மீட்டர் என்பது இந்த நன்னீரில் அளந்தது, கடலில் அளந்தது அல்ல. இதை மறந்து கடைசித் துறைமுகத்தில் முட்ட முட்ட ஏற்றிவிட்டு, மதகு வாசலில் நிற்கிற, சரக்குக்குப் பொறுப்பான சீஃப் மேட்களுக்குச் சரக்கை இறக்குவது தவிர வழியில்லை. இன்னொன்று நல்ல சேதி. தீயணைப்புக் குழாய்களில் ஏரித் தண்ணீரை ஓட்டி உப்பை வெளியேற்றலாம், தளத்தையும் ஆசைதீரக் கழுவலாம். கடல் கழுவலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாரம் கழித்துத் துருவில் தெரியும். ஏரியில் குதிக்கலாமா என்று கேட்காதீர்கள், முதலை உண்டு. 1928-இல் ஓர் அமெரிக்கர் முழுக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். அவரையும் கப்பலாகக் கணக்கிட்டு 36 சென்ட் வசூலித்தார்கள்.

பனாமாவின் பலவீனமும் அதே தண்ணீர்தான். பாபநாசம் அணையில் இன்றைக்கு 143 அடியில் எத்தனை அடி என்று காலைப் பேப்பரில் முதலில் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். பழைய மதகு வழி ஒரு கப்பல் போனால் சுமார் 20 கோடி லிட்டர் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிறது. புது மதகுகளில் பக்கத்துக் குளங்களில் பிடித்து 60 சதவீதத்தைத் திருப்பி உபயோகிக்கிறார்கள். 2023-இல் மழை பொய்த்ததும் நாளைக்கு 36 கப்பல் என்பது 22 வரை குறைந்தது. புது மதகில் ஆழமும் 50 அடியிலிருந்து 44 அடியாகியது. வரிசையைத் தாண்டிப் போக ஏலத்தில் ஒரு கப்பல் கொடுத்த தொகை ஏறத்தாழ 40 லட்சம் டாலர். மாலுமிக்கு அதன் அர்த்தம், நங்கூரத்தில் வாரக்கணக்கில் வெயிலில் துரு சுரண்டலும் சாயமடிப்பும். முன்பதிவு இல்லாத கப்பலில் போகிறவர்கள் அந்தக் காத்திருப்பைக் கணக்கில் வைத்து வீட்டுக்குத் தேதி சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் போட்டால் அட்டை இருந்தும் பயனில்லை. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று 2016 முதல் விதி, பழைய அட்டையைத் தொலைக்காதீர்கள். அந்த ஊர்க் கொசு சாமானியமில்லை. 1880-களில் பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 22,000 உயிரைப் பறிகொடுத்துக் கால்வாயைக் கைவிட்டதற்கு அதுவும் காரணம். மே முதல் டிசம்பர் வரை மழை. ஐப்பசி அடைமழையை ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்க்கும். ரெயின்கோட் உள்ளே வியர்வையில் நனைவதும் வெளியே மழையில் நனைவதும் ஒன்றுதான்.

திசை விஷயத்தில் ஒரு வேடிக்கை. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் போகிறவன் மேற்கே போகிறோம் என்று நினைப்பான். திசைகாட்டி தென்கிழக்கைக் காட்டும். பசிபிக் வாசல் அட்லாண்டிக் வாசலுக்குக் கிழக்கே இருக்கிறது.

கீல் கால்வாயை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1895-இல் திறந்தது, 98 கிலோமீட்டர், வட கடலையும் பால்டிக் கடலையும் சேர்க்கிறது. பெரிய கப்பல்களுக்குப் பைலட்டோடு சுக்கான் பிடிக்கவும் கால்வாய் ஆளே ஏறிவிடுவார். நம் சுக்கானி தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்று புல்வெளியும் மாடும் பார்க்கலாம். சேவை என்றால் இது. மார்க் 10-க்கு 9, குளிருக்காக ஒன்று குறைத்தோம்.

நம் வாசலிலேயே உள்ள சேதுக் கால்வாய்க்கு மார்க் கேட்பவர்கள் உண்டு. 1860-இல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி முன்வைத்த யோசனை, 2005 ஜூலை 2-இல் தொடக்க விழா நடந்தது, 167 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம் என்று திட்டம். பாதியில் நிற்கிறது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வருகிற பெரிய கப்பல் இன்றைக்கும் இலங்கையைச் சுற்றித்தான் வருகிறது. திறக்காத கடைக்கு மார்க் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

சூயஸுக்கு எங்கள் மார்க் 10-க்கு 6. தளத்து ஆட்கள் மட்டும் போட்டிருந்தால் 5 தாண்டியிருக்காது, காட்சிக்காகவும் புதுத் தடத்துக்காகவும் ஏறியது. பனாமாவுக்கு எட்டரை, தண்ணீர் வற்றிய ஆண்டில் ஏழு. 2023 நவம்பர் முதல் ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதால் பல கம்பெனிகள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின, பத்து முதல் பதினான்கு நாள் கூடுதல். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆபத்துப் பகுதிக்குள் போக மறுக்கும் உரிமையும், போனால் கூடுதல் சம்பளமும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பனாமாவில் ஒரு வசதி உண்டு. மிராஃப்ளோரஸ், கட்டூன் மதகுகளில் கால்வாய் நிர்வாகமே நேரலை கேமரா வைத்திருக்கிறது, காசு இல்லாமல் பார்க்கலாம். அங்கே காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. கப்பல் பெயரும், எந்த மதகில் எத்தனை மணிக்கு என்பதும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நேரம் நான்கைந்து மணி முன்னே பின்னே ஆகும். எல்லோரும் ஒரே நிற பாய்லர் சூட், ஒரே மாதிரி ஹெல்மெட். ஆகவே தம்பி முன்பக்கம் நிற்பானா பின்பக்கம் நிற்பானா என்பதையும், மதகுக் கதவு திறக்கையில் எந்தக் கையைத் தூக்குவான் என்பதையும் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள்.